ஜெபசீலனின் வலது முழங்கை

வெந்நீர்ப் பையை எடுத்துவிட்டேன். முழங்கை மடிப்பில் தோல் சிவந்திருக்கிறது, துண்டின் நெசவு வரிவரியாகப் பதிந்து கிடக்கிறது. இவர் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருக்கிறார். வலது கை மட்டும் எனக்காகக் கட்டிலின் ஓரத்தில், நீளவும் முடியாமல் முழுசாக மடங்கவும் முடியாமல் கிடக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேல்கைக்கு அடியில் சுருட்டிய துண்டைக் கொடுத்து, என் இடது உள்ளங்கையால் மேல்கையை அமுக்கிக்கொண்டு, வலது கையால் இவருடைய மணிக்கட்டைப் பிடிக்கிறேன். பிடித்ததும் என் வயிறு உள்ளே ஒட்டிக்கொள்கிறது. தினமும் இப்படித்தான். இது சிகிச்சை என்று என் வயிற்றுக்குத் தெரியாது. இந்த மணிக்கட்டை மட்டும் அதற்குத் தெரியும், இந்த முடியை, இந்த வாட்ச் கட்டின வெள்ளைத் தடத்தை. இது பக்கத்தில் வந்தால் ஒடுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதற்குப் பாடம். "மெதுவாப் புடிட்டி ஹெப்சி," என்கிறார் இவர், கண்ணைத் திறக்காமல். "மெதுவாத்தான் புடிக்கேன். மூச்சை இழுத்து விடுங்க." கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, கறியும் சோறும் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தின் தூக்கம் இவர் முகத்தில் படிந்திருக்கிறது. வாயில் பெருஞ்சீரக வாசனை. வெளி அறையில் மாமா டிவி பார்க்கிறார், இவருடைய அப்பா, மத்தியானத்தில் தூங்குகிற பழக்கம் இல்லாதவர். மின்விசிறி என் கழுத்து வேர்வையைத் தொட்டுவிட்டுப் போகிறது. நான் இழுக்க ஆரம்பிக்கிறேன். இழுப்பது என்று சொல்லக்கூடாது, பிசியோதெரபி காலேஜில் பாடம் எடுத்த கோமதி மேடம் கேட்டால் திட்டுவார், காத்திருப்பது என்று சொல்ல வேண்டும். கையின் எடையோடு என் கையின் எடையைக் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற ஒன்று மனம் மாறுகிற வரைக்கும் காத்திருப்பது.

உள்ளே இருப்பது நார். தசைகள் எல்லாம் வெறும் சதை என்று நினைக்கிறார்கள். கசாப்புக் கடையில் கறி வெட்டும்போது வெள்ளையாக, பளபளப்பாக, கத்திக்கு வழுக்கிக்கொண்டு ஒரு சவ்வு வருமே, அதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் முன்கையில் இருக்கிற அத்தனை தசையும் கூழாக வழிந்துவிடும். ஒவ்வொரு தசைக்கும் ஓர் உறை, உறைகளுக்கு மேல் ஓர் உறை, கடைசியில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு எலும்பைக் கடித்துக்கொள்கிறது. தளர்ந்திருக்கும்போது அந்த இழைகள் அலையலையாக இருக்கும். முதல் இழுப்பில் அலை நிமிரும், அதற்கு வலி கிடையாது. அலை முடிந்த இடத்தில்தான் சண்டை. மெல்லப் போனால் அது இளகும், ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்கும், விட்டதைத் திருப்பிக் கேட்காது. வேகமாகப் போனால் அதே நார் கட்டையாகிவிடும், அப்புறம் கிழிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இதை மேடம் சொன்ன அன்று எங்கள் முன்னால் மேசையில் ஒரு கை இருந்தது, உடம்போடுதான், ஆனால் கை மட்டும்தான் திறந்திருந்தது. முன்கையில் தோலை விலக்கி, தசையை விரலோடு கட்டுகிற வெள்ளை நாண்கள் தெரிய வைத்திருந்தார்கள். "இந்த நாணைப் பிடிச்சு இழும்மா," என்றார். நான் இழுத்தேன். இறந்துபோன அந்த ஆளின் விரல்கள் மெதுவாக மடங்கி, பக்கத்தில் இருந்த என் இடது கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. நான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ வருஷம் கழித்து இந்த அறையில், இந்த பீரோவுக்குப் பக்கத்தில், இவருடைய விரல்கள் என் முடிக்குள் நுழைந்து மடங்கியபோது எனக்கு அந்த நாண்தான் ஞாபகம் வந்தது. அதே நாண், அதே இழுப்பு. யாரோ ஒருவர் முன்கையில் அதைப் பிடித்து இழுக்கிறார், அதனால்தான் விரல் மடங்குகிறது, இவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரு கணம், தலை பின்னால் வளைந்திருந்த அந்தக் கணத்தில், நிஜமாகவே நம்பினேன். அப்புறம் என் நெற்றி பீரோவின் கைப்பிடியில் இடித்தது.

"வலிக்குதா?" "லேசா." இந்த லேசா என்கிற சொல்லை முதன்முதலில் இவரிடம் கேட்டது கிளினிக்கில். அப்போது நான் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாலிபால் ஆடுகிற ஆள், தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர், ஜெபசீலன் என்று பெயர், வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி, டம்ளர் தூக்க முடியவில்லை. முழங்கைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன எலும்பு மேட்டில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். துள்ளிவிட்டார். "வலிக்குதா?" என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்க, "லேசா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் எல்லாம் வந்து பிடித்துத் தொங்குகிற இடம் அது, விரல் நகம் அகலம்கூட இருக்காது. பந்தை அடித்து அடித்து அந்த வேர் நைந்துபோயிருந்தது. குறுக்குவாட்டில் தேய்த்து, பயிற்சி கொடுத்து, பல வாரம் பார்த்து, நான்தான் சரிசெய்தேன். சரியானதைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். மைதானத்தில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே என் தோழியோடு நின்றேன். பந்து வலைக்கு மேலே எழுந்தது, இவர் எழுந்தார், தோள் பின்னால் போய், முழங்கை உயர்ந்து, ஒரு நொடி எல்லாம் மடங்கி நின்று, பிறகு தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு சொடுக்கு ஓடி, உள்ளங்கை பந்தில் பட்ட சத்தம் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் கத்தியது. "எம்மா, என்ன அடி," என்றாள் தோழி. அந்தக் கையை எனக்குத் தெரியும், அதன் வேரை என் கட்டைவிரலுக்குத் தெரியும் என்கிற பெருமையில் நின்றேன். பிடித்திருந்தது, அந்த அடி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நாக்கின் அடியில் இரும்பு ருசி வருகிறது, இப்போதும் வருகிறது, விழுங்குகிறேன், மணிக்கட்டை விடாமல் விழுங்குகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அதே சொடுக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை. முதல் தடவை என்ன காரணம் என்பது மறந்துவிட்டது, உப்பா, போனா, என் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தாமதமாக வந்ததா. சத்தம் மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அதைப் பாதிதான் கேட்டேன். இடது காதில் பட்டு அந்தக் காது அடைத்துப்போய் ஒரு நீளமான விசில் மட்டும் மிச்சமிருந்தது. செவிப்பறையில் ஓட்டை என்றார் காது டாக்டர். எப்படி என்று கேட்டார். "குளியலறையில வழுக்கிட்டேன்." அடுத்தது உதடு. கதவு இடித்துவிட்டது. அடுத்தது விலா. ஸ்கூட்டி சாய்ந்துவிட்டது. கிளினிக்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் உடம்பைப் படித்தவர்கள், எந்தக் காயம் எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியும், என் கதைகளைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அடியைவிடக் கூசியது. எனக்கும் படித்ததை நிறுத்தத் தெரியவில்லை. கை வரும்போதே கணக்குப் போட்டுவிடுவேன்: முழங்கை நீள நீளத்தான் உள்ளங்கைக்கு வேகம், நான் உள்ளே, இவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் போய்விட்டால் அடி பலமிழக்கும், விலகினால்தான் முழுசாகப் படும். எத்தனை முறை அடிக்கிற ஆளின் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள் என்று தோன்றும். இவருக்கே அப்படித்தான் தோன்றியது. "பாரு, தப்பு செஞ்சது நீயின்னு ஒனக்கே தெரியுது," என்று முதுகைத் தட்டிக்கொடுப்பார். இப்போது இந்தக் கை நீளாது. மழைக்கு முன்னாலிருந்து நீளவில்லை. மடங்கின கையால் தள்ளலாம், இடிக்கலாம். அறைய முடியாது, நாலு மாசமாக என் காது முழுசாக இருக்கிறது. வீட்டில் டம்ளர் விழுந்தால் டம்ளர் விழுந்த சத்தம் மட்டும்தான். அந்த அமைதியை நான்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மயிரிழையும் என் கன்னத்தை நோக்கி வருகிற மயிரிழை. இது தெரிந்துதான் இழுக்கிறேன். நேற்றும் இழுத்தேன். நாளைக்கும்.

இந்தக் கை உடைந்ததும்கூட என் பக்கமாக ஓங்கி வந்தபோதுதான். சமையலறையில் துணி துவைக்கிற மிஷினிலிருந்து தண்ணீர் கசிந்து தரை முழுக்க நுரை. இவர் கை ஓங்கினார். அன்றைக்கு நான் நெஞ்சுக்குள் போகவில்லை. ஏன் என்று தெரியாது, உடம்பு களைத்திருந்ததோ என்னவோ, சும்மா கீழே உட்கார்ந்துவிட்டேன். கை காற்றில் போனது, அதோடு இவரும் போனார். விழுகிறவன் கையைத்தானே ஊன்றுவான். ஊன்றின அடி உள்ளங்கையில் ஏறி, கட்டைவிரல் பக்கத்து எலும்பில் ஏறி, இரண்டு முன்கை எலும்புகளுக்கும் நடுவில் சாய்வாகக் கட்டியிருக்கிற சவ்வு வழியாகப் பாதி அடுத்த எலும்புக்குத் தாண்டி, இரண்டும் சேர்ந்து போய் முழங்கையில் மோதியிருக்கும். அந்தச் சவ்வு பாரத்தைப் பங்குபோடுவதற்காகவே இருக்கிறது. அன்றைக்குப் பாரம் அதற்குத் தாங்கவில்லை. கை பின்னால் போகக்கூடாத திசையில் கிடந்தது. "ஏட்டி, ஏட்டி, ஹெப்சி," என்று குழந்தை மாதிரி கூப்பிட்டார். நான் என்ன செய்தேன்? எழுந்து, தினசரித் தாளைத் தடியாகச் சுருட்டி, கை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வைத்து, என் துப்பட்டாவால் கட்டி, விரல் நகத்தை அமுக்கி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்து, ஆட்டோ பிடித்தேன். "நல்லாக் கட்டியிருக்காங்க," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டபோது இவரும் நானும் ஒரே குரலில், "வழுக்கிட்டு," என்றோம். முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது. கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முழங்கையை மட்டும் பலவந்தப்படுத்திராதீங்க. உள்ள கிழிஞ்சு ரத்தம் கட்டிச்சுன்னா சதைக்குள்ள எலும்பு வளந்துரும். அப்புறம் அது கை இல்ல, கட்டை." எனக்குத் தெரியும் டாக்டர் என்றேன். வேறு பிசியோதெரபிஸ்டிடம் போகச் சொன்னேன் இவரிடம். "பொண்டாட்டி இருக்கும்போது எவன்ட்டயோ போய்க் கையைக் குடுக்கணுமா?" என்றார். போக வெட்கம். பயிற்சியின்போது அழுகிறார், அதை வெளியாள் பார்க்கக்கூடாது.

சதைக்குள் எலும்பு. நான் பார்த்திருக்கிறேன். ஒரு கொத்தனார், யாரோ எண்ணெய் போட்டு முழங்கையை உதறி இழுத்துவிட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயில் மேல்கைத் தசை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம். கையைத் தொட்டால் தோலுக்கு அடியில் கல். அவரால் வாய்க்குச் சோறு கொண்டுபோக முடியவில்லை. என் கைகளுக்கு அது எவ்வளவு சுலபம் என்று இப்போது நினைக்கிறேன், இந்த நிமிஷம், இவர் மூச்சு என் மணிக்கட்டில் படுகிற தூரத்தில். தினமும் கொஞ்சம் வேகமாக, அவ்வளவுதான். ஒரு வாரம் போதும். சிகிச்சை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வலிக்கும், பொறுத்துக்கங்க என்றால் பொறுத்துக்கொள்வார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்தில் கை மடங்கி நிற்பார். இடது கையால் சாப்பிடுவார். நான் பிசைந்து கொடுப்பேன். சட்டை மாட்டிவிடுவேன். வயசாகும். என் காது முழுசாகவே இருக்கும். நினைக்க நினைக்க இனிக்கிறது, இனிக்கிறதே என்று பயம் வருகிறது. அந்தப் பயம் என் விரல் வழியாக இவருக்குப் போய்விடுமோ என்று பிடியை மாற்றுகிறேன். இவர் கண்ணைத் திறக்கிறார். "என்னட்டி?" "ஒண்ணுமில்ல. வேர்வை." கைக்குள்ளே இப்போது அலை முடிந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது, ஈரத்தோலை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு நிறுத்தம். இதற்கு மேல் இன்று வராது. இங்கேயே வைத்திருக்க வேண்டும், இளகும் வரை. "டிசம்பர்ல மாவட்ட டிரயல்ஸ்," என்கிறார் இவர் கூரையைப் பார்த்து. "பயலுவளுக்கு நான் அடிச்சுக் காட்டணும். வாயால சொன்னா ஒருத்தனுக்கும் ஏறாது." "ம்." "நீ இல்லன்னா நான் என்னாயிருப்பேன், ம்?" குரல் நனைந்திருக்கிறது. நிஜமான குரல். இந்தக் குரல்தான் என்னை இத்தனை வருஷம் வைத்திருக்கிறது. அடிக்குப் பிறகு வருகிற குரல் அல்ல, அது வேறே. இது எப்போதாவது, எதுவும் கேட்காமல் வருவது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன்.

"ஏங்க, கிளினிக்ல என்னைய ரெண்டு ஷிப்டும் வரச் சொல்லுதாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து." கை என் கையில் இறுகுகிறது. தசைதான் முதலில் பதில் சொல்கிறது, வாய் பிறகு. "யாரு சொல்லுதா?" "டாக்டர்தான்." "அந்தப் புது டாக்டரா?" "எல்லாருக்கும்தான் சொல்லியிருக்காரு. கையைத் தளர்த்துங்க, இறுக்கினா வலிக்கும்." "சாயங்காலம் எட்டு மணி வரைக்கும் அவன்கூட ஒனக்கு என்ன ஜோலி?" "அவர்கூட இல்லங்க, பேஷண்ட்ஸ் பாக்கணும். தளர்த்துங்க." "நான் இப்பிடிக் கெடக்கேன்னுதானே ஒனக்கு எளக்காரம்?" சொல்லிக்கொண்டே எழப் பார்க்கிறார், எழும்போது கை தானாக இழுபடுகிறது, வலி முகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வலியை நான் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார். கண்ணில் அது தெரிந்தது. எனக்குத் தெரியும் அந்தக் கண். ஆனால் நான் பயப்படவில்லை, இதைச் சொல்ல வேண்டும், நான் பயப்படவில்லை. கை என்னிடம் இருக்கிறதே என்று இருந்தேன். வலது கை, அந்தக் கை, என் இரண்டு கைக்குள்ளே பத்திரமாக இருக்கிறதே. அடி இடது கையிலிருந்து வந்தது. என் வலது கன்னத்திலும் உதட்டிலும் முழுசாக விழுந்தது. அந்தக் கன்னம் அடிக்குப் புதிது. பல் உள்ளே குத்தி வாய் நிறைய உப்பு. நான் அசையவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன், நம்பக்கூட முடியாது, அந்த நேரத்தில் ரொம்பத் தெளிவாக யோசித்தேன். இத்தனை மாசமாக முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு நீளும், எவ்வளவு நீண்டால் என்மேல் படும் என்று. இவருக்கு இன்னொரு கை இருந்தது. கட்டிப்போட்டால் கால் இருக்கும். கால் போனால் வாய் இருக்கும். கொத்தனார் மாதிரி எல்லாம் கல்லாகிப் படுத்துக் கிடந்தாலும் கண் இருக்கும், கண்ணாலேயே என்னைச் சுவரோரம் நிறுத்துவார், நானும் போய் நிற்பேன். மேகம் போல எது எக்ஸ்ரேயில் வந்தாலும் இவருக்குள் அடி எந்த இடத்தில் பிடித்துத் தொங்குகிறதோ அந்த இடம் படத்தில் வராது. "இனிமே கிளினிக்கும் கெடையாது ஒரு மயிரும் கெடையாது," என்றார். இடது கை இன்னொரு முறை உயர்ந்தது. நான் எழுந்தேன். ஸ்டூல் பின்னால் சாய்ந்தது. என் இடது உள்ளங்கை மேல்கையில் இருந்த இடத்திலேயே இருந்தது, வலது கை மணிக்கட்டில் இருந்தபடியே இருந்தது. என் உடம்பின் மொத்த எடையையும் இரண்டுக்கும் நடுவில் இறக்கினேன். காத்திருக்கவில்லை.

பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம், ஈரமாக, சின்னதாக. காதால் கேட்டேனா கையால் கேட்டேனா என்று சொல்ல முடியாது. நார் ஒவ்வொன்றாக விட்டது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் விட்டது, என் உள்ளங்கைக்கு அடியில் கை கட்டிலோடு கட்டிலாக விழுந்தது. இவர் போட்ட கூச்சல் தெருவுக்குக் கேட்டிருக்கும். உடனே வெளி அறையில் டிவி சத்தம் கூடியது. மாமா கூட்டினார். இந்த அறையிலிருந்து சத்தம் வந்தால் அவர் ரிமோட்டை எடுப்பார், கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம், ஆணா பெண்ணா கத்துகிறது என்றுகூட அவர் காது பிரித்துப் பார்க்கவில்லை. பாட்டுப் போட்டி ஒன்றில் யாரோ கைதட்டினார்கள். இவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினார், கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கொஞ்ச நேரம். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கை நேராக இருந்தது. தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும், கோடு போட்ட மாதிரி. "ஏ," என்றார். "ஏ ஹெப்சி. நேராயிட்டு. ஏட்டி, நேராயிட்டுடி!" சிரித்தார். என் உதட்டில் ரத்தம் இருந்ததை, என் கன்னத்தில் தன் விரல் தடம் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. "அப்பா! இங்க வாங்க! கை நீண்டுட்டு!" மாமா வந்து வாசலில் நின்றார். அவர் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான், ஒரு நொடி, எவ்வளவு என்று பார்க்கிற பார்வை. பிறகு கையைப் பார்த்தார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார். இவர் நேரான கையை மெத்தையிலிருந்து தூக்கப் பார்த்தார், முழங்கையின் உள்பக்கம் அதற்குள் மினுமினுவென்று வீங்க ஆரம்பித்திருந்தது. ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்தால் போதும். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால், சந்தோஷத்தில் இரண்டு நாள் போகும், அப்புறம் கை தானாகக் கல்லாகும்.

"மாமா," என்றேன். என் குரல் கிளினிக்கில் பேசுகிற குரலாக இருந்தது. "இது நல்லதுக்கு இல்ல. உள்ள கிழிஞ்சிருக்கு. நான் வேணும்னுதான் செஞ்சேன்." மாமா சிரிப்பை மூடாமல் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுத?" "ஐஸ் வையுங்க, துணியில சுத்தி. ஆட்டோ புடிச்சு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. எலும்பு வளராம இருக்க மாத்திரை உண்டு, சீக்கிரம் ஆரம்பிச்சா கேக்கும்." "வேணும்னா? வேணும்னு யாராவது..." "வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிறாதீங்க மாமா. அப்பிடிச் சொன்னா டாக்டருக்குப் புரியாது, வைத்தியம் தப்பாயிரும். பொண்டாட்டி பலமா அமுக்கிட்டான்னு சொல்லுங்க. ஏன் அமுக்கினான்னு கேப்பாரு. அதையும் சொல்லுங்க." இவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. முகம் ஒன்றொன்றாக எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருந்தது. "ஏட்டி," என்று எழுந்தார், எழும்போது அந்தக் கை கூடவே நேராக எழுந்தது, மடக்க முடியாமல் மடக்கப் பார்த்து அலறி மறுபடி உட்கார்ந்தார். மாமா அவரைப் பிடிக்கப் போனார். வாசல் காலியானது. நான் செருப்பைப் போட்டேனா என்பதுகூடத் தெரு முனைக்கு வந்துதான் தெரிந்தது. போட்டிருந்தேன். கைப்பையும் இருந்தது. இரண்டு முன்கையும் கனத்துப்போய், தோலுக்குள் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தெருவே படுத்திருந்தது. மூடின கடை ஒன்றின் நிழலில் ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுகிறவன் பின்சீட்டில் காலை நீட்டி போன் பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் இறங்கினான். "எங்கக்கா?" நான் எங்கே என்று யோசித்திருக்கவில்லை. அண்ணன் வீடு என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் வீட்டில் ஐஸ் வைத்துவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்து, மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுவார்கள். "பெரியாஸ்பத்திரி. கேசுவாலிட்டி வாசல்." ஏறி உட்கார்ந்தேன். அவன் கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான், பார்த்ததை மறைக்கவும் இல்லை. "என்னக்கா, கீழ விழுந்துட்டியளா?" உதடு தடித்திருந்தது. சொல் வெளியே வர இடம் தேடியது. குளியலறை வந்தது, கதவு வந்தது, ஸ்கூட்டி வந்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றையும் பார்த்தேன், எதையும் எடுக்கவில்லை. "இல்லப்பா," என்றேன். "புருசன் அடிச்சான்." இவர் என்றில்லாமல், அடிச்சாரு என்றில்லாமல், அப்படியே வந்துவிட்டது. சொன்னது என்னுடைய இடது காதிலும் தெளிவாகக் கேட்டது. அவன் வண்டியைக் கிளப்பினான். வளைவு தாண்டியதும் காற்று கன்னத்தில் மோதி எரிந்தது. கேட்காமலே மீதியையும் சொன்னேன், எஞ்சின் சத்தத்துக்கு மேலே, உரக்க: "நானும் அவன் கையை உடைச்சுட்டுதாம்ப்பா வாரேன். அதையும் அங்க சொல்லணும்."